மஞ்சள் பூசிய மட்கார்டு

என் மகளை முதல் பிரசவத்துக்குக் கூட்டிவரத்தான் அந்தக் காரை வாங்கினேன் என்று சொன்னால் என் மனைவி இன்றைக்கும் சிரிப்பாள். வாங்கும்போது மகளுக்குக் கல்யாணப் பேச்சே ஆரம்பிக்கவில்லை. ஆனாலும் என் மனத்தில் அப்படித்தான் இருந்தது. விழுப்புரத்தில் எனக்கு மல்லாட்டை கமிஷன் மண்டி, வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன், கணக்கு எழுதத் தெரியும், கந்த சஷ்டி கவசம் மனப்பாடம். வெளிர் நீலத்தில் ஒரு பழைய அம்பாசிடரை, ஒரு டாக்டர் ஓட்டிக் கழித்ததை, மயிலம் முருகனிடம் பூக்கேட்டு உத்தரவு வாங்கித்தான் வாங்கினேன். ஓட்டவும் நானே கற்றுக்கொண்டேன்.

மகளைத் திண்டிவனத்தில் கொடுத்தோம். சம்பந்திக்கு அங்கே ரைஸ் மில். பேச்சு குறைவு. அவர் ஒரு வார்த்தை சொன்னால் மில்லில் அதற்கு மறுவார்த்தை கிடையாது. மாப்பிள்ளைக்கு வடக்கே வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கிற வரைக்கும் மகள் மாமனார் வீட்டில்தான் இருந்தாள். திண்டிவனம் ஒன்றும் தூரம் இல்லை, பஸ்ஸில் ஏறி ஒரு தூக்கம் போட்டால் வந்துவிடும். பெண்ணைக் கொடுத்த பிறகு அதே ஊர் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. சும்மா பார்க்க வந்தேன் என்று சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிற்க முடியுமா? ஏதாவது ஒரு காரணம் கையில் இருக்க வேண்டும்.

அந்தக் காரணத்தை எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் முருகன் கொடுத்தான். மகள் உண்டானாள். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைக் கூட்டிவந்துவிடுவோம். மண்டியில் இடம் போதாமல் அவள் அறையில் மல்லாட்டை மூட்டை அடுக்கி வைத்திருந்தேன். ஆள் வைத்து எல்லாவற்றையும் எடுத்தேன். என் மனைவி தரையைக் கழுவி, கட்டிலைப் போட்டு, சாம்பிராணி காட்டினாள். என்ன கழுவியும் மல்லாட்டை வாசனை போகவில்லை. "இருக்கட்டும், அவளுக்குப் புடிச்ச வாசனைதான்" என்றாள்.

ஏழாம் மாசத்தின் கடைசியில்தான் நல்ல நாள் அமைந்தது. சம்பந்தி வீட்டிலேயே வளைகாப்பு குறையில்லாமல் நடந்தது. இரண்டு கை நிறைய வளையலோடு மகள் என் காரில் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். ராகு காலம் பிறப்பதற்குள் தெருவைத் தாண்டிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். என் மனைவி சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். எனக்கு முன்னால் சம்பந்தியின் பியட் கார் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதை யாராவது எடுக்க வேண்டும். உள்ளேயிருந்து சம்பந்தியே சாவியோடு வந்தார். அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை, எப்போதும் டிரைவர்தான் ஓட்டுவார். உட்கார்ந்தார், கியரைப் போட்டார், முன்னால் போக வேண்டிய வண்டி பின்னால் வந்தது.

பெரிய இடி இல்லை. என் காரின் இடது மட்கார்டு உள்ளே போனது, அந்தப் பக்கத்து ஹெட்லைட் கண்ணாடி உடைந்து தெருவில் கொட்டியது. மகளின் வளையல் எல்லாம் ஒரு தரம் குலுங்கியது. நான் திரும்பிப் பார்த்தேன். "ஒண்ணுமில்லப்பா" என்றாள். அவள் கை வயிற்றில் இருந்தது.

சம்பந்தி இறங்கினார். என் காரைப் பார்த்தார், தன் காரைப் பார்த்தார். "வண்டி நின்ன எடம் சரியில்ல" என்றார். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார்.

சம்பந்தியம்மா கார்க் கதவைத் திறந்தார். "எறங்கும்மா. கெளம்பும்போதே கண்ணாடி ஒடைஞ்சிது, இதுல எப்படி அனுப்பறது? சகுனம் சரியில்லைங்க, தப்பா நெனைக்காதீங்க. நாளைக்கு எட்டாம் மாசம் பொறக்குது. எட்டுல அனுப்ப மாட்டோம். ஒன்பதுல பாத்துக்கலாம்."

பெண் வீட்டுக்காரன் என்ன பேச முடியும்? மகள் இறங்கினாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்காமல் கிடந்தது. என் மனைவி குனிந்து அதைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மகள் வராத வண்டிக்கு அது எதற்கு என்று நினைத்தாளோ என்னவோ, நான் கேட்கவில்லை. வரும் வழியெல்லாம் அவள் பின்னால் திரும்பித் திரும்பி வெறும் சீட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மஞ்சளைக் குழைத்து நசுங்கின மட்கார்டில் கெட்டியாகப் பூசினாள். மேலே குங்குமம் வைத்தாள். உடைந்த ஹெட்லைட் குழியில் வேப்பிலைக் கொத்தைச் சொருகினாள். அடிபட்ட வண்டியை அப்படியே வீட்டில் நிறுத்தக்கூடாது, கண்ணேறு கழிய வேண்டும் என்பது அவள் கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மறுநாள் என் மைத்துனன் வந்தான். என் மனைவிக்குச் சித்தப்பா மகன், இன்சூரன்ஸ் ஏஜெண்ட். காருக்கு முழு இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். காரைச் சுற்றிவந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னாக்கா இது? சர்வேயர் வந்து அடியைப் பாக்கணும். இத பாத்தான்னா மாரியாத்தா கோயில்னு நெனச்சி சூடம் ஏத்திட்டுப் போயிடுவான்."

"ஏத்தட்டுமே. நல்லதுதானே" என்றாள் என் மனைவி.

"தொடைச்சிடுக்கா."

"பூசின மஞ்சளத் தொடைக்கிறதா? புள்ளத்தாச்சிப் பொண்ணு ஒக்காந்த வண்டிடா. போடா."

அவன் என்னிடம் திரும்பினான். "மாமா, ஜல்தியா எழுதிக் குடுங்க. லேட் பண்ணா பேஜாரு. எந்த வண்டி மோதிச்சி, யாரு ஓட்டினது, யாரு மேல தப்பு. அவ்ளோதான்."

"மோதினது சம்பந்தி."

"தெரியும். அக்கா சொல்லிச்சி."

"சம்பந்தி மேல தப்புன்னு என் கையால எழுதணுமா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. கூட்டேரிப்பட்டு தாண்டி புளியமரத்துல மோதிட்டேன்னு எழுதுங்க. மரம் வந்து இல்லேன்னு சொல்லப் போவுதா?"

"பொய் எழுதச் சொல்றியா?"

"ஊர்ல எல்லாரும் எழுதறதுதான் மாமா. அந்த ரோட்டுல இருக்கிற புளியமரம் எல்லாம் என் பைல்ல இருக்குது."

சிரித்துவிட்டேன். ஆனால் மனம் சிரிக்கவில்லை. மகள் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறபோது நான் ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டு, அது எங்கே போய் விடியுமோ என்று பயம். உண்மையை எழுதினாலோ, இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து சம்பந்தி வீட்டுக்கு ஆள் போகும். என்னை எதிர்த்து எழுதிக் கொடுத்தான் பெண்ணைக் கொடுத்தவன் என்று அவர் நினைத்துவிட்டால், ஒன்பதாம் மாசத்திலும் மகளை அனுப்புவாரா? எதுவும் எழுதாமல் நானே பழுது பார்க்கலாம். அந்த வருஷம் மல்லாட்டை வரத்து சரியில்லை, பிரசவச் செலவு வேறு இருக்கிறது. அதுகூடப் பெரிதில்லை. எழுதாமல் விட்டால் நின்ன எடம் சரியில்ல என்று அவர் சொன்னதை நான் ஒத்துக்கொண்டதாக ஆகாதா? நான் ஓரமாகத்தான் நிறுத்தியிருந்தேன்.

முடிவெடுக்கும் வரைக்கும் டிங்கரிடம் விட முடியாது, சர்வேயர் பார்த்த பிறகுதான் தட்ட வேண்டும் என்று மைத்துனன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். அந்த நசுங்கலோடு திண்டிவனம் போய் சம்பந்தி வாசலில் வண்டியை நிறுத்தவும் முடியாது. அது அவர் முகத்துக்கு நேராகக் காட்டுகிற மாதிரி ஆகிவிடும். கார் கொட்டகையிலேயே நின்றது. வேப்பிலை காய்ந்து உதிர்ந்தது. என் மனைவி வெள்ளிக்கிழமை தோறும் புது வேப்பிலை வைத்தாள். மைத்துனன் வரும்போதெல்லாம், "அம்மனுக்கு இன்னிக்கு இன்னா அலங்காரம்?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவான்.

எட்டாம் மாசம் நகரவே இல்லை. மகளோடு பேச வேண்டும் என்றால் மில்லுக்கு டிரங்க் கால் போட்டு அவளை வரவழைக்க வேண்டும். ஒரு தரம் போட்டேன். மெஷின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. பக்கத்தில் யாரோ இருந்தார்கள் போல. "நல்லா இருக்கேம்பா, நீங்க சாப்டீங்களா" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டாள். மத்தியானத்தில் மண்டியிலிருந்து வந்து அவள் அறையில் கொஞ்ச நேரம் உட்காருவேன். விரித்த படுக்கை விரித்தபடியே இருக்கும். என் மனைவி அங்கே ஒரு விளக்கு வைத்திருந்தாள். ஒரு நாள் நான் போனபோது அவளும் அந்தக் கட்டிலில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததைப் பார்த்ததும் எழுந்து தலையணை உறையைச் சரிபண்ணுவது போல் பண்ணினாள். நானும் ஜன்னலைச் சாத்த வந்தது போல் சாத்திவிட்டு வந்தேன்.

மாசம் முடியப்போகிற நேரத்தில் அவளே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். முருங்கைக்கீரை போட்டுக் கேப்பை அடை சுட்டு, வாழையிலையில் சுற்றி என் கையில் கொடுத்தாள். "வாய்க்கு ருசியா எதுவும் எறங்கலன்னு பொண்ணு சொல்லிச்சின்னு சொல்லுங்க."

"எப்ப சொன்னா?"

"சொல்லலன்னா இன்னா? நீங்க பஸ் ஏறுங்க."

பஸ்ஸில்தான் போனேன். சம்பந்தியம்மா உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார். மகள் வந்து தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். முகம் ஊதியிருந்தது. இலையைப் பிரித்து, மாமியாருக்கு ஒன்று கொடுத்துவிட்டு, தான் ஒன்றைப் பிட்டு வாயில் வைத்தாள். உடனே மெல்லவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"என் ரூம்ல மறுபடி மூட்டைய அடுக்கிட்டீங்களாப்பா?"

"இல்லம்மா. காலியா இருக்குது."

"வாசனை?"

"அது போவல."

சம்பந்தியம்மா உள்ளே போனதும் மகள் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா, அன்னிக்கு மாமா ஏன் வண்டி எடுத்தார் தெரியுமா?"

"ஏம்மா?"

"டிரைவர் அப்பதான் இலையில உக்காந்தாரு. காலையிலேருந்து அவருதான் எல்லாரையும் பஸ் ஸ்டாண்டுலேருந்து கூட்டியாந்து விட்டுக்கினு இருந்தாரு, பச்சத்தண்ணி குடிக்கல. அத்தை அவர எழுப்பச் சொன்னாங்க. இலையில உக்காந்தவன எப்படி எழுப்பறதுன்னு மாமா சாவிய வாங்கிக்கினு வந்துட்டாரு."

இத்தனை நாளும் அவர் மிடுக்கில் வந்து உட்கார்ந்தார் என்றுதான் நினைத்திருந்தேன். நாங்கள் போட்ட விருந்தில், என் மகள் வளைகாப்பு இலையில், சாப்பிட உட்கார்ந்த ஒருத்தனை எழுப்ப மனம் வராமல் வந்திருக்கிறார்.

சம்பந்தி மில்லிலிருந்து வந்தார். "வாங்க" என்றார். பிறகு, "இப்படி வாங்க" என்று பின்பக்கம் கார் நிற்கிற இடத்துக்குக் கூட்டிப்போனார். காரின் மேல் தார்ப்பாய் போட்டிருந்தது. அதை விலக்கினார். பின் பம்பர் வளைந்திருந்தது. பளபளப்பான பம்பரில் என் காரின் நீலப் பெயிண்ட் நீளமாகக் கோடு போட்டிருந்தது.

"இன்னும் யாரும் வரலியே" என்றார்.

"யாருங்க?"

"இன்சூரன்ஸ் ஆளு. நீங்க எழுதிக் குடுத்திருப்பீங்க, என் வண்டியையும் வந்து பாப்பாங்கன்னு அப்படியே வெச்சிக்கினு இருக்கேன். டிரைவர் தெனம் கேக்கறான், தட்டிடலாங்கய்யான்னு. தொடாதேன்னுட்டேன். தடயத்த அழிச்சிட்டான்னு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க."

"நான் எழுதிக் குடுக்கலைங்க."

"ஏன்?"

"எழுதினா உங்க பேர எழுதணும்."

அவர் தார்ப்பாயின் முனையைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றார். "எழுதறதுதானே. இடிச்சது நான்தானே" என்றார். சுருட்டின முனையை விட்டுவிட்டு, "நீங்க ஒரு மாசமா இந்தப் பக்கமே வரல. கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"அதெல்லாம் இல்லைங்க. அடிபட்ட வண்டியோட எப்படி வர்றதுன்னுதான்."

"நானும் இத மூடி வெச்சிக்கினுதான் இருக்கேன்."

அவர் சிரித்தார் என்று சொல்ல முடியாது. மீசை கொஞ்சம் அசைந்தது. அவர் மன்னிப்பு கேட்கவில்லை, நான் கேட்க விடவும் மாட்டேன். ஆனால் இடிச்சது நான்தானே என்று அவர் வாயால் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. "ஒன்பது பொறந்ததும் வாங்க. வண்டிய எடுத்துக்கினு அப்படியே வாங்க" என்றார்.

ஊருக்கு வந்ததும் மைத்துனனிடம் சொன்னேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். "அவரே ஒத்துக்கினாரா? அப்பறம் இன்னா மாமா, எழுதுங்க. லேட்டானதுக்கு நான் பேசிக்கிறேன்." இன்சூரன்ஸ் பாரத்தை விரித்து வைத்து, பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தான். விபத்து நடந்தது எப்படி என்று கேட்டிருந்த இடத்துக்கு நேராக என் கை நின்றது. டிரைவர் இலையில் உட்கார்ந்துவிட்டார், அவரை எழுப்ப மனம் வரவில்லை என்று எழுதலாமா? எழுதினால் ஆபீசில் இருக்கிறவர் என்ன செய்வார்? அதைத் தள்ளிவிட்டு, கவனக்குறைவு என்று ஒரு வார்த்தை போட்டுக்கொள்வார். அந்த மனுஷனுக்கு அந்த வார்த்தையை என் கையெழுத்தின் மேலே எழுதவிட எனக்கு மனம் இல்லை. பேனாவை மூடிக் கொடுத்துவிட்டேன்.

"வேணாம்பா. எழுதல."

"வருஷா வருஷம் இன்சூரன்ஸ் எதுக்குக் கட்டறீங்க? கோயில் உண்டியல்ல போடற மாதிரி போட்டுக்கினே இருக்கீங்க."

"அப்படியே நெனச்சிக்கோ."

அவன் என் மனைவியைப் பார்த்தான். அவள், "காபி குடிக்கிறியாடா?" என்றாள்.

ஒன்பதாம் மாசம் பிறந்து, நாள் பார்த்து, இருவருமாகப் போனோம். இனி சர்வேயருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்றாலும் டிங்கரிடம் விட்டால் வண்டி எப்போது திரும்பி வருமோ என்று அப்படியே எடுத்துப்போனோம். மட்கார்டில் மஞ்சள், ஹெட்லைட் குழியில் வேப்பிலை. சம்பந்தியம்மா அதைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம், "நல்ல வேலை செஞ்சீங்க" என்றார். மயிலத்தில் இரண்டு வண்டிக்கும் பூசை போட்ட பிறகுதான் பெண் விழுப்புரம் எல்லையை மிதிக்க வேண்டும் என்று அவரும் ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். இந்த முறை பியட்டை டிரைவர் எடுத்தார், பக்கத்தில் சம்பந்தி, பின்னால் சம்பந்தியம்மா. வயிறாரச் சாப்பிட்டாயா என்று டிரைவரிடம் சம்பந்தி கேட்டது எங்களுக்கும் கேட்டது. எங்கள் பின் சீட்டில் அம்மாவும் மகளும். எலுமிச்சம்பழம் சக்கரத்தில் நசுங்குகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மயிலத்தில் குருக்கள் இரண்டு காரையும் பார்த்தார். ஒன்றுக்கு முன்னால் அடி, ஒன்றுக்குப் பின்னால் அடி. எதுவும் கேட்காமல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பூசணிக்காயைச் சுற்றினார். மலை மேல் ஏற மகளால் முடியாது. கீழேயே நின்று கைகூப்பினாள். முருகா, இவள் என் வீட்டுக்கு வருகிறாள், அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

கூட்டேரிப்பட்டில் டீ குடித்துக் கிளம்பும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. என் காருக்கு ஒரு ஹெட்லைட்தான். சம்பந்தி வந்து ஜன்னலில் குனிந்தார். "நான் திரும்பிப் போறதா இருந்தேன். வேணாம், முன்னால போறோம். எங்க லைட்டப் பாத்துக்கினு வாங்க. இந்தத் தடவ பின்னால வராது" என்றார். மகள் பக்கென்று சிரித்தாள். அவர் முன்னால் சிரித்துவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவரும் சிரித்துக்கொண்டுதான் போனார்.

பியட்டின் சிவப்பு விளக்கு முன்னால் போக, நான் ஒற்றைக் கண் வண்டியை மெதுவாக ஓட்டினேன். விக்கிரவாண்டி வருவதற்குள் மகள் அம்மா மடியில் தூங்கிவிட்டாள். ரோடு மேடு பள்ளம் வருகிறபோது மட்டும் வளையல் சத்தம் கேட்கும். வேகமாகப் போனால் ஆகாது என்று மெதுவாகப் போகிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் விழுப்புரம் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தால் தேவலை என்று இருந்தது.

பேரன் பிறந்தான். மூன்றாம் மாசத்தில் மகள் அவனைத் தூக்கிக்கொண்டு போனாள். மாப்பிள்ளைக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்து, பிறகு ரயிலில் இரண்டு நாள் தூரத்தில் குடும்பமாக இருந்தார்கள். இன்னும் அந்தப் பக்கம்தான். வருவாள், வரும்போது எங்களோடு சில நாளும் திண்டிவனத்தில் சில நாளும் இருப்பாள். முன் மாதிரி வந்து தங்கியது இல்லை. அதற்கு யாரும் காரணம் இல்லை, வாழ்க்கை அப்படி. சம்பந்தி போய்ச் சேர்ந்துவிட்டார். மண்டியும் இப்போது இல்லை.

மட்கார்டைப் பிறகு தட்டிவிட்டேன். ஹெட்லைட்டும் போட்டாயிற்று. காரை விற்கும்போது வாங்க வந்தவர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்து, "இங்க அடி பட்டிருக்குதே, இன்சூரன்ஸ்ல பாத்ததா, கைக்காசுல பாத்ததா?" என்று கேட்டார். கைக்காசில்தான் என்றேன். தட்டின இடத்தின் மடிப்பில், பெயிண்ட் உதிர்ந்த இடத்தில், கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருந்தது. அது என்ன துருவா என்றார். என் மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். அவளைத் தாண்டி உள்ளே, நேராகத் தெரியும் அந்த அறை. மூட்டை எதுவும் இல்லை. கட்டில் மட்டும் போட்டபடி இருந்தது.

"துரு இல்லைங்க" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டு, பின் கதவைத் திறந்து அந்தச் சீட்டில் உட்கார்ந்துவிட்டு இறங்கினேன்.